எட்டு ஆண்டு நிறைந்த வண்டிக்குத் தகுதிச் சான்று எத்தனை நாள் செல்லும்?

கேள்வி: கம்பத்திலிருந்து எழுதுகிறேன். 12 பயணிகள் அமரும் வேன் ஒன்றைச் சொந்தமாக வைத்து நானே ஓட்டுகிறேன். 2016 டிசம்பர் 8 அன்று பதிவான வண்டி. இதுவரை தகுதிச் சான்றுக்காக (எஃப்.சி.) வண்டியைக் காட்டிய ஒவ்வொரு முறையும் இரண்டு ஆண்டுக்குக் கொடுத்தார்கள். கடந்த டிசம்பரிலும் அப்படித்தான் இருக்கும் என்று தாளை மடித்து வைத்துவிட்டு, இந்த ஆண்டு சபரிமலை சீசனுக்கு மகரஜோதி வரை முன்பணம் வாங்கிவிட்டேன். இப்போது எடுத்துப் பார்த்தால் 2025 டிசம்பர் 7 வரை மட்டுமே என்று அச்சாகியிருக்கிறது. இது அலுவலகத்தில் நேர்ந்த பிழையா? ஒருவர் பணம் கொடுத்தால் திருத்தித் தருவதாகச் சொல்கிறார். தேதி முடிந்த பிறகு சில நாள் சலுகை உண்டா? கேரளத்தில் நம் ஊர் எஃப்.சி.யை ஏற்பார்களா? புகைச் சான்று எனக்கு ஆறு மாதம், 2018-ல் வண்டி வாங்கிய நண்பருக்கு ஓர் ஆண்டு என்று கொடுக்கிறார்களே, எது சரி? என் மைத்துனர் வெள்ளை போர்டு ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறார். சொந்த வண்டிக்கு 15 ஆண்டு எஃப்.சி.யே தேவையில்லை என்கிறார். உண்மையா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். மோட்டார் வாகன ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சீசன் தொடங்கும் முன்பே தாளை விரித்துத் தேதியைப் பார்த்துவிட்டீர்கள் என்பது எனக்கு நிம்மதி அளித்தது. பெரும்பாலானோர் அந்தத் தேதியைச் சோதனைச் சாவடியில் அதிகாரி வாசித்துக் காட்டும்போதுதான் முதன்முதலாக அறிகிறார்கள்.

அச்சாகியிருக்கும் தேதியில் பிழை இல்லை. வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்கான தகுதிச் சான்றின் காலத்தை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 62-ஆவது விதி நிர்ணயிக்கிறது. புதிய வண்டிக்கு முதல் சான்று இரண்டு ஆண்டு. அதன் பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும் என்றுதான் முன்பு இருந்தது. 2018 நவம்பரில் வந்த திருத்தத்துக்குப் பின், எட்டு ஆண்டு வரையிலான வண்டிக்குப் புதுப்பிக்கும்போது இரண்டு ஆண்டும், எட்டு ஆண்டைக் கடந்த வண்டிக்கு ஓர் ஆண்டும் என்று மாறியது. உங்கள் வண்டியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 2016 டிசம்பரில் பதிவான வண்டியின் முதல் சான்று 2018 டிசம்பரில் முடிந்திருக்கும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் திருத்தம் வந்தது என்பதால், பழைய விதி தந்திருக்கக்கூடிய ஓர் ஆண்டுக்குப் பதிலாக உங்களுக்கு இரண்டு ஆண்டு கிடைத்தது. பிறகு 2020, 2022 என்று இரண்டிரண்டு ஆண்டாகச் சென்று, 2024 டிசம்பரில் வண்டிக்கு எட்டு வயது நிறைந்தது. அங்கிருந்து இனி ஒவ்வொரு டிசம்பரிலும் வண்டியைக் காட்டியாக வேண்டும். உங்களைப் போலவே பழக்கத்தை நம்பித் தேதி தவறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் கவனக்குறைவானவர்கள் குறைவு, விதியின் இரண்டாவது பாதியைக் கேள்விப்படாதவர்களே அதிகம்.

ஆகவே திருத்தித் தருவதாகச் சொல்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். சான்றின் விவரம் கணினிப் பதிவில் இருக்கிறது. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் எந்த மாநில அதிகாரிக்கும் தகுதிச் சான்று முடியும் நாள் தெரிந்துவிடும். தாளில் வேறு தேதியை அச்சடித்துக் கொடுத்தால் அது போலி ஆவணம் ஆகும். அதைக் கையில் வைத்திருந்த குற்றம் உங்கள் மேல்தான் வரும்.

சலுகை நாள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தகுதிச் சான்றுக்குச் சலுகை நாள் என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. கொரோனா காலத்தில், 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு முடிந்த ஆவணங்களைச் செல்லுபடியானவையாகக் கருதும்படி மத்திய அரசு பலமுறை நீட்டித்து, கடைசியாக 2021 அக்டோபர் 31 வரை அனுமதித்தது. அந்த நினைவில்தான் இன்னும் பலர் பத்து நாள், இருபது நாள் தாங்கும் என்று பேசுகிறார்கள். அது அந்தக் காலத்தின் நெருக்கடிக்காகச் செய்த ஏற்பாடு, அதோடு முடிந்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: தகுதிச் சான்று இல்லாத வாடகை வண்டி, முறையாகப் பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே கருதப்படாது. அதாவது டிசம்பர் 8-ஆம் தேதி காலையில் உங்கள் வேன், ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தும், சட்டத்தின் பார்வையில் பதிவில்லாத வண்டி. 192-ஆவது பிரிவின்படி முதல் முறைக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரையும், மறுமுறை 10,000 ரூபாய் வரையிலான அபராதமோ ஓராண்டு வரை சிறையோ விதிக்கலாம். 207-ஆவது பிரிவின்படி வண்டியைப் பிடித்து நிறுத்தியும் வைக்கலாம். அபராதத்தை எப்படியாவது கட்டிவிடலாம். மார்கழிக் குளிரில், இருமுடி கட்டிய பன்னிரண்டு சாமிகளைக் கேரள எல்லையான குமுளியில் இறக்கிவிட்டு வேறு வண்டி தேடுவது எப்படி என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதைவிடக் கனமான விஷயம் காப்பீடு. பிரீமியம் கட்டியிருக்கிறது, விபத்து நடந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று ஓட்டுநர்கள் நம்புகிறார்கள். தகுதிச் சான்று இல்லாமல் ஓட்டுவது காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனையையே மீறுவதாகும் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அதன் பொருள், பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்தாலும், அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள வழி உண்டு என்பதே. உங்கள் வண்டி ஓடப்போவது அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள். ஒரு நாள் தாமதத்துக்கு வீட்டையும் நிலத்தையும் பணயம் வைக்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது.

கேரளத்தில் ஏற்பார்களா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. 56-ஆவது பிரிவின்படியே, நடப்பில் உள்ள தகுதிச் சான்று இந்தியா முழுவதும் செல்லும். உத்தமபாளையத்தில் வாங்கிய சான்றுக்காகக் குமுளியில் தனியாக இன்னொரு சான்று வாங்க வேண்டியதில்லை. ஆனால் பெர்மிட்டும் வரியும் வேறு. அவை எல்லை தாண்டும்போது தானாக உடன் வராது. அகில இந்தியச் சுற்றுலாப் பெர்மிட் இல்லாத ஒப்பந்த வண்டி (மொத்தமாக வாடகை பேசி ஓட்டும் வண்டி) என்றால், 88-ஆவது பிரிவின் 8-ஆவது உட்பிரிவில் சொல்லப்பட்ட சிறப்புப் பெர்மிட்டை அந்தந்தப் பயணத்துக்கு எடுத்து, கேரளத்துக்குச் செலுத்த வேண்டிய வரியையும் புறப்படும் முன்பே கட்டிவிட வேண்டும். எஃப்.சி. சரியாக இருக்கிறது என்று காட்டிவிட்டு, பெர்மிட் இல்லாததால் வழியில் நின்ற வண்டிகள் உண்டு.

இங்கே ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் கேட்டது தாளில் உள்ள தேதியைப் பற்றி மட்டும். ஆனால் சட்டம் தேதியோடு நின்றுவிடவில்லை. பெர்மிட்டின் நிபந்தனைகளைச் சொல்லும் 84-ஆவது பிரிவு, வண்டி நடப்பிலுள்ள தகுதிச் சான்றோடு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், எல்லா நேரமும் சட்டத்தின் தேவைகளை நிறைவேற்றும்படி பராமரிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. வண்டி அந்த நிலையில் இல்லை என்று தெரிந்தால், தேதி மீதமிருந்தாலும், காரணத்தை எழுதி வைத்துச் சான்றை ரத்து செய்ய உரிய அதிகாரிக்கு 56-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. ரத்தானால் புதிய சான்று வாங்கும் வரை பதிவும் பெர்மிட்டும் நிறுத்திவைக்கப்பட்டதாகிவிடும். சான்றில் கையெழுத்திட்ட ஆய்வாளர் பார்த்தது அந்த ஒரு நாள் காலையில் நின்ற வண்டியை. அடுத்த நாளிலிருந்து அதற்குப் பொறுப்பு உங்களுடையது.

பணியில் இருந்தபோது எஃப்.சி. மைதானத்தில் ஒரு நாள் நடந்தது இது. வரிசையில் நின்ற சரக்கு வண்டி ஒன்றின் நான்கு டயர்களும் பளபளவென்று இருந்தன. குனிந்து பார்த்தபோது சக்கர நட்டுகளில் பழைய தூசி இல்லை. ஸ்பேனர் வைத்துத் திருகிய புதுக் கீறல் மட்டும் மின்னியது. டயரின் உள்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கடையின் அடையாள எண் எழுதியிருந்தது. எஃப்.சி. காட்டுவதற்காக ஒரு நாள் வாடகைக்கு வாங்கி மாட்டிய டயர்கள் அவை. சாயங்காலம் திரும்பப் போய்விடும். வழுக்கைப் பழைய டயர்கள் பட்டறையில் காத்திருந்தன. நான் அன்று சான்று கொடுக்கவில்லை. உரிமையாளர் என்மேல் வருத்தப்பட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த வண்டியைத் தினமும் மலை மெட்டு இறக்கத்தில் ஓட்டிச் செல்லும் டிரைவர் பக்கத்தில் நின்று எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்ததுதான் இன்றும் நினைவில் நிற்கிறது. டயரின் பள்ளம் கார், வேன், லாரி ஆகியவற்றுக்கு 1.6 மில்லிமீட்டருக்கும், இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டருக்கும் குறையக் கூடாது என்று 94-ஆவது விதி சொல்கிறது. பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடு ஒன்று இருக்கும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. இதை அறிய எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை, கட்டைவிரல் போதும்.

2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஓர் இரண்டாம் வகுப்புச் சிறுமி சாலையில் விழுந்து உயிரிழந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பேருந்துக்கும் தகுதிச் சான்று இருந்தது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் 2012-லேயே வந்தன. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பள்ளி திறக்கும் முன் வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். நான் பணியாற்றிய துறைக்கு அந்தச் சாவு தீராத வேதனை. தேதி மட்டும் சரியாக இருந்தால் போதும் என்ற எண்ணத்தை என்னால் இன்றுவரை ஏற்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் வேன் போகப்போகும் வழி எப்படிப்பட்டது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறுவதில் எஞ்சினுக்குத்தான் வேலை. வண்டிப்பெரியாறு, பீர்மேடு தாண்டிக் குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்கு இறங்கும்போதுதான் பிரேக்குக்குச் சோதனை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் சூடேறிப் பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் பழையதாகி ஈரம் ஏறியிருந்தால் கொதித்து ஆவியாகி, மிதி வெறுமனே உள்ளே போகும். எஃப்.சி. மைதானம் சமதரை, அங்கே குறைந்த வேகத்தில் நன்றாக நிற்கும் வண்டி, மலை இறக்கத்தில் அரை மணி நேரத்துக்குப் பிறகும் அப்படியே நிற்கும் என்பதற்கு எந்தச் சான்றும் உறுதி தராது. கேரள மோட்டார் வாகனத் துறை சீசன் நாள்களில் இலவுங்கல், எருமேலி, குட்டிக்கானம் பகுதிகளில் தனிக் குழுக்களை வைத்து ரோந்து சுற்றுவது இந்த இறக்கங்களுக்காகத்தான். அவர்கள் வண்டியை நிறுத்தினால், தொந்தரவு என்று எண்ணாமல் இறங்கிப் பேசுங்கள். வண்டியும் சற்று ஆறும்.

புகைச் சான்றில் உங்களுக்கும் நண்பருக்கும் கொடுத்தது இரண்டுமே சரியாக இருக்கலாம். பதிவான நாளிலிருந்து முதல் ஓராண்டு புகைச் சான்று தேவையில்லை. பிறகு பாரத் ஸ்டேஜ் 4, 6 என்ற மாசுத் தரத்தில் வந்த வண்டிகளுக்கு ஓர் ஆண்டும், அதற்கு முந்திய தரத்து வண்டிகளுக்கு ஆறு மாதமும் செல்லும். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4 கட்டாயமானதால், 2018-ல் வாங்கிய நண்பருக்கு ஓர் ஆண்டு கிடைக்கிறது. உங்கள் வண்டி அதற்கு முந்தியது, ஆர்.சி.யில் மாசுத் தரம் என்ற இடத்தில் பாரத் ஸ்டேஜ் 3 என்று இருந்தால் ஆறு மாதம்தான். பாரத் ஸ்டேஜ் 4 என்று இருந்தால் சோதனை மையத்தில் அதைக் காட்டி ஓர் ஆண்டுக்குக் கேளுங்கள். இந்தச் சான்றும் இந்தியா முழுவதும் செல்லும். இது இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருப்பதால், சீசன் நடுவில் முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும்; அதற்குள் எஃப்.சி. காட்ட வேண்டியதில்லை. பதினைந்தாவது ஆண்டு முடியும் முன், கடைசி 60 நாளுக்குள், 25-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டினால் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். அந்த உரிமை வண்டியைத் தன் குடும்பத்துக்காக ஓட்டுபவருக்கு மட்டுமே உரியது. விடியற்காலையில் கம்பத்திலும் கூடலூரிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கினால், போர்டு எந்த நிறத்தில் இருந்தாலும் அது வாடகை ஓட்டம்தான். பெர்மிட் இல்லாத வாடகை ஓட்டத்துக்கு 192-ஏ பிரிவின்படி முதல் முறையிலேயே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விபத்தில் அந்தப் பெண்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்பீட்டை வைத்து இழப்பீடு கேட்பது அவர்கள் குடும்பங்களுக்குப் பெரும் போராட்டமாகிவிடும். நாள் கூலிக்குப் போகிறவர்கள் வண்டியின் போர்டைப் பார்த்து ஏறுவதில்லை. கூப்பிடுகிறவரின் முகத்தை நம்பி ஏறுகிறார்கள். ஜீப்பை வாடகை வண்டியாக மாற்றிப் பதிவு செய்து, பெர்மிட் எடுத்து, இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றாமல் ஓட்டும்படி அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டும். அந்நியன் சொல்வதைவிட அக்காள் வீட்டு உறவோ தங்கை வீட்டு உறவோ சொன்னால் கேட்பார்.

இனி உங்கள் வேனுக்கு வருகிறேன். டிசம்பர் 7 வரை காத்திருக்க வேண்டாம். கார்த்திகை பிறப்பதற்கு முன்பே எஃப்.சி. காட்டிவிடுங்கள், சில நாள் முன்னதாகக் காட்டுவதில் நஷ்டம் பார்க்காதீர்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு நம்பிக்கையான பட்டறையில் நான்கு சக்கரங்களையும் கழற்றி, லைனிங், வீல் சிலிண்டர், டிரம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லி, பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றுங்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்தால், ஆட்டம் இருக்கிறதா என்பது கையிலேயே தெரியும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஒளிரும் பட்டை, முகப்பு விளக்கு, வைப்பர், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைக் காட்டும் நாளுக்காக இல்லாமல், சீசன் முழுவதும் வண்டியிலேயே இருக்கும்படி வாங்குங்கள். பாடியில் பெயிண்ட் அடிக்கப் பணம் குறைந்தால் அதைத் தை மாதத்துக்குத் தள்ளி வையுங்கள்; பிரேக்குக்கு மட்டும் தள்ளி வைக்க வேண்டாம். ஆய்வில் ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்பினால், சரிசெய்து மறுபடி காட்ட உங்களுக்கு நாள் கையில் இருக்கும். புதிய சான்று கிடைத்ததும், அதிலுள்ள முடிவு நாளைக் காப்பீடு, பெர்மிட், வரி, புகைச் சான்று ஆகியவற்றின் நாள்களோடு ஒரே தாளில் எழுதி, வண்டிக்குள் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். வண்டி எடுக்கும் மாற்று டிரைவரும் அதைத் தினமும் பார்ப்பார்.